மிக்ஸிங்ல பாத்துக்கலாமாம்!

ஏண்டா பேராண்டி, மாடி ரூம்ல ஸ்டூடியோவே போட்டுட்டியாமே! உங்கம்மா சொன்னா. ரப்பர் கயித்துல தொங்கற மைக்கு, ரெண்டு குமிழ் வெச்ச டப்பா, காதையே மூடற ஹெட்போன், செவுரு பூரா முட்டை அட்டை. எல்லாம் வந்தாச்சு, பாட்டு மட்டும்தான் பாக்கியாம். பரவாயில்ல, சாமான் வாங்கறதுதான் கஷ்டம். பாட்டு என்ன, இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வந்துட்டுப் போவுது.

கெழவனுக்கு கம்ப்யூட்டரைப் பத்தி என்னா தெரியும்னு சிரிக்காத. வண்டலூர், மண்ணிவாக்கம், ஊனமாஞ்சேரின்னு இந்தச் சுத்துப்பட்டுல நடந்த கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊத்தறது அத்தனைக்கும் ரேடியோ செட்டு கட்டினவன் நானு. தென்னமரத்துல குழாய் ஸ்பீக்கரைக் கட்டிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலயே பாய் விரிச்சுப் படுத்தவன். மைக்கு எப்ப ஊளையிடும், ஒயரு எதனால உறுமும், தலைவர் எந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பினா பேச்சு காணாமப் போவும்னு எனக்குத் தெரியும். நீ கெயினு, நாய்ஸு, ஃபீட்பேக்குன்னு சொல்றதெல்லாம் எனக்குப் பழைய பங்காளிங்கதான். இப்ப இங்கிலீஷ் படிச்சிட்டு வந்திருக்காங்க, அவ்வளவுதான்.

எந்த சாப்ட்வேர் ஒசத்தின்னு மாசக்கணக்கா வீடியோ பாக்கறியாமே. நானும் பேத்தி போன்ல ரெண்டு மூணு பாத்தேன். ஆடாசிட்டின்னு ஒண்ணு, 2000-ல இருந்து இலவசமாவே கெடக்குது. கியூபேஸுன்னு ஒண்ணு, ஜெர்மனிக்காரன் 1989-லயே கொண்டாந்தது. பெல்ஜியத்துல இருந்து எஃப்எல் ஸ்டூடியோ. ரீப்பருன்னு ஒண்ணு, முன்ன நாம பாட்டு கேட்டோமே வின்ஆம்ப், அதைச் செஞ்ச ஜஸ்டின் ஃபிராங்கெல் 2006-ல செஞ்சது. 60 நாள் சும்மா ஓட்டிப் பாரு, பிடிச்சா காசு குடுன்னு மரியாதையாக் கேக்குமாம். எதைத் திறந்தாலும் உள்ள ஒரே வேலைதான். டிராக்கு ஒண்ணு சேக்கணும், அதுக்கு எந்த மைக்குன்னு சொல்லணும், பதியத் தயாருன்னு ஆர்ம் பண்ணணும், செவப்புப் பொத்தானை அமுக்கணும். இந்த நாலு வேலைக்கு எது ஒசத்தின்னு நீ இன்னும் ஒரு வருஷம் ஆராய்ச்சி பண்ணு. டாக்டர் பட்டமாச்சும் கெடைக்கும்.

ஆனா நான் பேச வந்தது அது இல்ல. மைக்குல காத்து அடிக்குதேடான்னு சொன்னா, "மிக்ஸிங்ல பாத்துக்கலாம் தாத்தா"ங்கற. சுருதி விலகுதேன்னா, "மிக்ஸிங்ல பாத்துக்கலாம்." வரியே இன்னும் எழுதலையேன்னா, அதையும் அங்கதான் பாக்கப் போற போல. மிக்ஸிங்குன்னா என்னமோ அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு மாமா வந்து செஞ்சு குடுக்கப் போறாருன்னு நெனைச்சியா? அங்கயும் நீதாண்டா ஒக்காரணும்.

முன்னாடி இருந்தவங்க என்னா பண்ணாங்க தெரியுமா? இசைத்தட்டு காலத்துல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான். மெழுகுல கோடு விழுந்தா விழுந்ததுதான், அழிக்க முடியாது. ஆலாபனை எவ்வளவு, பல்லவி எவ்வளவு, எங்க முடிக்கணும் எல்லாத்தையும் முடிவு பண்ணிக்கிட்டுத்தான் வாயைத் திறக்கணும். கிட்டப்பா 1933-லயே கண்ணை மூடிட்டாரு, அந்த மூணு நிமிஷத்துல அடைச்சு வெச்ச குரல் இன்னும் ஓடுது. சினிமாவுல, நடிக்கறவங்களே கேமரா முன்னாடி பாடுவாங்க, வாத்தியக்காரங்க படத்துல விழாம மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு வாசிப்பாங்க. 1938-ல ஏவி.எம். 'நந்தகுமார்' எடுத்தப்பதான் தமிழ்ல பின்னணின்னு ஒண்ணு வந்துச்சு. அப்புறமும் நெடுநாளைக்கு எல்லாரும் ஒண்ணா ஒக்காந்துதான் பதிவு. கடைசி வரியில ஒரு வயலின் பிசகினா அத்தனை பேரும் முதல்ல இருந்து. இளையராஜா முழுப் பாட்டையும் தாள்ல எழுதிக் குடுத்துடுவாரு, பாத்து வாசிக்கறவன் கை நடுங்காம வாசிக்கணும். மிக்ஸிங்ல பாத்துக்கலாம்னு அங்க ஒருத்தன் சொல்லியிருந்தா வீட்டுக்கு பஸ் ஏத்தி விட்டிருப்பாங்க.

வெள்ளைக்காரன் மட்டும் என்னவாம்? பீட்டில்ஸ் பசங்க 1967-ல 'சார்ஜென்ட் பெப்பர்' பண்ணப்ப மெஷின்ல நாலு டிராக்குதான். நாலும் ரொம்பிப் போச்சுன்னா அதைக் கலந்து இன்னொரு மெஷினுக்கு ஏத்திட்டு மேல வாசிக்கணும். ஏத்தின பின்னாடி டிரம்ஸை மட்டும் குறைன்னா முடியாது. அதனால ஏத்தறதுக்கு முன்னாடியே இதுதான் அளவுன்னு நெஞ்சுல கைவெச்சு முடிவு பண்ணாங்க.

நம்ம ரஹ்மான் தம்பியைப் பாரு. கோடம்பாக்கத்துல வீட்டுப் பின்பக்கத்துலயே ஸ்டூடியோ, பஞ்சதன்னு பேரு. அம்மா நகையை வித்துத்தான் பதினாறு டிராக் மெஷின் வாங்கினோம்னு அவரே சொல்லியிருக்காரு. 1992-ல வந்த 'ரோஜா' பாட்டெல்லாம் அங்க பதிஞ்சதுதான், முதல் படத்துக்கே தேசிய விருது. உன் கம்ப்யூட்டர்ல டிராக்குக்கு எல்லையே இல்ல, உங்கம்மா நகையும் பீரோவுல பத்திரமா இருக்குது. ஒருவேளை அதனாலதான் பாட்டு வரலையோ என்னவோ. வேணும்னா வளையலைக் கேட்டுப் பாக்கட்டுமா?

அவங்களுக்கு வேற வழியில்ல, அதனால முன்னாடியே முடிவு பண்ணாங்க. உனக்கு வழி ஏராளம், அதனால எதையும் முடிவு பண்ண மாட்டேங்கற. சரி, செவப்புப் பொத்தானை அமுக்கறதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டியது என்னென்னன்னு சொல்றேன். பிடிக்கலன்னா மிக்ஸிங்ல அழிச்சிக்கோ.

முதல்ல சத்தம். ஸ்டூடியோ வெக்க நல்ல எடமாப் பாத்த போ! முன்னால ஜி.எஸ்.டி. ரோடு, பக்கத்துல செங்கல்பட்டு லைனு. 2023 டிசம்பர் 30-ல கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டைத் திறந்ததுல இருந்து தென்னாட்டு பஸ் அத்தனையும் நம்ம வாசல்ல வந்துதான் ஹாரன் அடிக்குது. மேல பாத்தா தாம்பரம் விமானப்படை. பிளேன் ஓட்டக் கத்துக் குடுக்கற வாத்தியாருங்களுக்கே அங்க பள்ளிக்கூடம் இருக்குது, படிக்கறவன் சும்மா இருப்பானா? சரி, எல்லாம் அடங்கட்டும்னு ராத்திரி மைக்கைத் திறந்தா, 1985-ல பட்டணத்துல இருந்து இங்க கொண்டாந்து விட்ட மிருகக்காட்சி சாலை முழிச்சிக்கும். சிங்கத்தோட கர்ஜனை எட்டு கிலோமீட்டர் கேக்குமாம், உன் ஜன்னலு எந்த மூலைக்கு? செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு லீவு, சிங்கத்துக்கு இல்ல. கீழ்ச்சத்தத்தை வெட்டற ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ்ல வெச்சா லாரி குமுறல் கொஞ்சம் போவும். சிங்கம் போவாது, அது உன் தொண்டை இருக்கற எடத்துலயே வந்து ஒக்காந்துக்கும். வந்தா டேக்கை நிறுத்து, அது முடிச்சதும் பாடு. சீனியரு அது. ஆடி மாசம் மட்டும் சத்தம்னு யார்கிட்டயும் புகார் பண்ணாத. அம்மன் கோயில் செட்டு உன் தாத்தாவோடது.

முட்டை அட்டை ஒட்டியிருக்கியே, அது வெளிச்சத்தத்தை நிறுத்தாது. கோழியே அதுக்குள்ள இருந்து கத்தினாலும் தெருவுக்குக் கேக்கும். உன் ரூமோட சங்கடம் டைல்ஸ் தரையும் மொட்டைச் செவுரும். நடுவுல நின்னு ஒரு கைத்தட்டு தட்டு. டங்குன்னு திரும்பி வருதா? அந்த டங்கு பாட்டுல பதிஞ்சா எந்தப் பிளக்-இன்னும் சுத்தமாத் தொடைச்சு எடுக்காது. பாட்டியோட பழைய மெத்தையை முதுகுக்குப் பின்னாடி நிமித்தி வை, பக்கத்துல ரெண்டு கம்பளி தொங்க விடு. உங்கம்மா பீரோவைத் திறந்து வெச்சு பொடவைங்களைப் பாத்துப் பாடினாலும் சரி, கடையில வாங்கற நுரைத்துண்டுக்கு அது சளைச்சது இல்ல. வளையல் விஷயமும் அங்கயே பேசிக்கலாம்.

அப்புறம் மைக்கு. நீ வாங்கியிருக்கறது கண்டென்சர், 48 வோல்ட் பொத்தானைப் போட்டாத்தான் உயிர் வரும். நல்ல மைக்குதான், ரொம்ப நல்ல மைக்கு, அதான் தொந்தரவு. உன் குரலோட சேத்து கீழ் வீட்டு மிக்ஸி, எதிர்வீட்டு மாமியார் மருமக எல்லாத்தையும் கேக்கும். நம்ம ஊரு சத்தத்துக்கு டைனமிக் மைக்கே தேவலாம். மேடையில பாக்கறியே வலைக்கூண்டு வெச்ச ஷூர் எஸ்எம்58, 1966-ல இருந்து அதே உருவந்தான். வாய்க்கு நாலு விரல் கிட்ட வந்தாத்தான் அதுக்குக் காது கேக்கும், தெருவை மதிக்காது. கண்டென்சருன்னா ஒரு சாண் தள்ளி நில்லு. வாய்க்கு நேரா வெக்காம கொஞ்சம் ஓரமாத் திருப்பி வை. "பாவாடை", "பல்லாண்டு"ன்னு பகரம் வரப்பல்லாம் காத்து நேராப் போயி அறைஞ்சா டொப்பு டொப்புன்னு விழும். இதெல்லாம் எனக்கு எந்தக் கம்பெனியும் சொல்லித் தரல. கட்சிக் கூட்டத்துல மைக்கை முழுங்கற பேச்சாளருங்க கத்துக் குடுத்தாங்க.

உறுமல் வருதுன்னா முதல்ல லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிட்டுக் கேளு. நின்னு போச்சா? அப்ப எர்த்து சரியில்ல. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ். அது 50, 100, 150-ன்னு பரம்பரை பரம்பரையா உறுமும், ஒண்ணை வெட்டினா அடுத்தது நிக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, பிளக்-இன்னைத் தேடாத.

இப்ப குமிழு. உங்க தலைமுறைக்கு ஒரு ஆசை, கோடு பெருசாத் தெரிஞ்சாத்தான் குரல் பெருசுன்னு. கம்ப்யூட்டருக்கு பூஜ்யம் டெசிபல்தான் கூரை. அதுக்கு மேல போனா தலையை வெட்டிட்டு அடுத்த வேலையைப் பாக்கும், வெட்டின தலை திரும்ப ஒட்டாது. டேப்பு காலத்துல கொஞ்சம் ஏறினா டேப்பே தாங்கிக்கும், இது தாங்காது. பாட்டுல நீ கத்தற எடம் எதுவோ அதைப் பாடிக் காட்டு, அப்ப முள்ளு மைனஸ் 12 பக்கம் நிக்கற அளவுக்கு கெயினை வை. 24 பிட்டுல பதிஞ்சா சின்னக் கோடா இருந்தாலும் ஒண்ணும் கெட்டுப் போவாது. நீ என்னா பண்ணுவ தெரியுமா? "ஹலோ, செக், செக்"னு குசுகுசுன்னு சொல்லி கெயினை வெச்சிட்டு, பாட்டுல உச்சஸ்தாயிக்குப் போயி ஒடைப்ப. என் செட்டுல தலைவருங்களும் இதைத்தான் பண்ணுவாங்க, மக்கள் அதை ஆவேசம்னு நெனைச்சிக்குவாங்க. உனக்கு அந்த வசதி இல்ல.

சாம்பிள் ரேட்டுன்னு ஒரு கணக்கு கேக்கும். பாட்டு மட்டும்னா 44,100, வீடியோவுக்குன்னா 48,000. எதுவோ ஒண்ணு, ஆரம்பத்துலயே முடிவு பண்ணு. 48,000-ல பதிஞ்சதை 44,100-ன்னு நெனைச்சு ஓட்டினா பாட்டு தளர்ந்து, சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை எறங்கிடும். நீ பாட, உங்கப்பன் குரல் வரும்.

"பாடறப்ப என் குரலு எனக்கே லேட்டா வருது தாத்தா"ன்னியே, அது பஃபர். 48,000-ல பஃபரை 1024-ன்னு வெச்சா 21 மில்லி செகண்டு, அதுவும் ஒரு வழிக்கு. சத்தம் அந்த நேரத்துல ஏழு மீட்டர் நடந்துடும். அதாவது நீ மாடியில பாடற, உன் காது கீழ வாசப்படியில ஒக்காந்து கேக்குது. பாடறப்ப 128-க்கு எறக்கு, மூணு மில்லி செகண்டு கூட ஆவாது. கலக்கறப்ப மறுபடி ஏத்திக்கோ. டப்பாவுலயே டைரக்ட் மானிட்டருன்னு ஒரு பொத்தான் இருக்குமே, அதைப் போட்டா கம்ப்யூட்டருக்குள்ள போகாமலே உன் குரல் காதுக்கு வந்துடும். அட்டைப்பெட்டியோட வந்த புஸ்தகத்துல எழுதியிருக்குது. அந்தப் புஸ்தகத்தை உங்கம்மா தோசைக்கல்லு எறக்க வெச்சிருக்கா, போயி வாங்கிப் படி.

அடுத்தது தாளம். சாப்ட்வேரைத் திறந்தா பெரும்பாலும் 120, நாலுக்கு நாலுன்னு நிக்கும். அது உன் பாட்டுக்கு ஜாதகம் பாத்து வெச்சது இல்ல. முதல்ல பாட்டைத் தொடை தட்டிப் பாடு, எந்த வேகத்துல மூச்சு முட்டாம வருதோ அந்த எண்ணை வை. மிஸ்ர சாப்பு பாட்டை நாலுக்கு நாலு கட்டத்துல போட்டுட்டு கிளிக் தப்பா விழுதுங்காத. ஏழுக்கு எட்டுன்னு மாத்தினா அது பாட்டுக்கு விழும். சுருதியும் அப்படித்தான். ஒரு கட்டைன்னா சி, நாலுன்னா எஃப், அஞ்சுன்னா ஜி. உன் தொண்டைக்கு எதுன்னு காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாடிப் பாரு. அப்புறம் தம்புராவை ஒரு டிராக்குல போட்டு அதைக் கேட்டுக்கிட்டுப் பாடு. வாத்தியத்தை முழுசா அடுக்கிட்டு கடைசியில பாத்தா உன் தொண்டை அந்த சுருதிக்கு எட்டலன்னா, நாப்பது டிராக்கையும் எறக்கணும். கிடார் பதிஞ்ச பையன் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருப்பான்.

எட்டலன்னா என்னா, ஆட்டோ-டியூன் இருக்கேங்கற. அதைச் செஞ்ச ஆண்டி ஹில்டெபிராண்டு, அதுக்கு முன்னாடி நிலத்துக்குள்ள சத்தம் அனுப்பி எண்ணெய் எங்க இருக்குன்னு தேடற கணக்குல இருந்தவரு. 1997-ல அந்தப் புத்தியைப் பாட்டுக்குத் திருப்பினாரு. கெட்டிக்காரத்தனந்தான், இல்லங்கல. ஆனா அதுக்கு ஒவ்வொரு சுரமும் ஒரு படி, அந்தப் படியிலதான் நிக்கணும். நம்ம தோடியில காந்தாரம் ஒரு எடத்துல நிக்குமா? அசைஞ்சாத்தான் அது தோடி. வேகமா இழுக்கற அளவுல அதை வெச்சு விட்டா, சிக்குக் கோலத்தை ஸ்கேல் வெச்சு நேராக்கின மாதிரி ஆயிடும். கணக்கு சரியா இருக்கும், கோலம் இருக்காது. எங்கயாச்சும் ஒரு நீள சுரம் தொங்குச்சுன்னா அதை மட்டும் பிடிச்சு மெதுவாத் தூக்கு. ராகத்துக்கே கிரேன் வெக்காத.

டேக்கு எடுக்கறதுல உன் பெருமையைக் கேட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா பாடி ஒட்டிடறியாமே! "நிலாவே"ங்கறதுல "நிலா" போன வாரம், "வே" இந்த வாரம். நடுவுல உனக்கு ஜலதோஷம் வேற. பன்ச் பண்றது தப்பு இல்ல. ஆனா முதல்ல முழுப் பாட்டையும் நிறுத்தாம மூணு தடவை பாடு. மூணுல எது உசுரோட இருக்குதோ அதை வெச்சிக்கிட்டு, பிசகின வரியை மட்டும் மத்த ரெண்டுல இருந்து எடு. மூச்சு விடற சத்தத்தையெல்லாம் நறுக்கிடாத. மூச்சே விடாம ஒருத்தன் பாடினா கேக்கறவனுக்கு நெஞ்சு அடைக்கும்.

இன்னொண்ணு, பேரு. உன் டிராக்கு பட்டியலைப் பாத்தேன். ஆடியோ 1, ஆடியோ 17, ஃபைனல், நியூ ஃபைனல், நெஜமான ஃபைனல். 1902-ல கல்கத்தாவுல கௌஹர் ஜான் அம்மா இசைத்தட்டுக்குப் பாடினப்ப, பாட்டு முடிஞ்சதும் தன் பேரைச் சத்தமாச் சொல்லிட்டு நிறுத்துவாங்க. தட்டு அச்சாகப் போறது ஜெர்மனியில, அங்க இருக்கறவன் யாரு பாட்டுன்னு தெரிஞ்சு லேபிள் ஒட்டணுமே! கடல் தாண்டிப் போற மெழுகுத் தட்டுக்கே அவங்க பேரு வெச்சாங்க. உன் டிராக்கு மாடியில இருந்து பென்டிரைவுக்குத்தானே போவுது, "குரல், சரணம் ரெண்டு"ன்னு எழுத வலிக்குதா? சொந்த டிஸ்க்குல ஒண்ணு, வெளியில ஒண்ணுன்னு ரெண்டு பிரதி வை. கரண்டு போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போவாது.

ஆச்சு. பரண்ல என் பழைய குழாய் ஸ்பீக்கர் ஒண்ணு தூங்குது. பாட்டை முடிச்சு எடுத்துட்டு வா, அதுல மாட்டிக் கேப்போம். உன் பேஸு, உன் சப்-பேஸு, கழுத்தெலும்பு அதிர்ற சமாச்சாரம் எதுவும் அதுல வராது. வார்த்தையும் மெட்டும் மட்டுந்தான் வரும். அதுல தேறினா, ஆடி ரெண்டாம் வெள்ளிக்கு எல்.ஆர். ஈஸ்வரி அம்மா பாட்டு ரெண்டுக்கு நடுவுல உன்னோடதைச் சொருகி விடறேன். கூழுக்கு வரிசையில நிக்கற சனம் சொம்பை எறக்கிட்டுத் திரும்பிப் பாத்தா நீ பாடகன். பாக்கலன்னா, "செட்டுக்காரன் சரியில்ல"ன்னு என்னைத்தான் திட்டுவாங்க. எனக்கு அது பழக்கம். போ, ஃபேனை நிறுத்திட்டு முழுசா ஒரு டேக்கு பாடு.